பேனிக் அட்டாக் வந்தா ஓடணுமா, நிக்கணுமா?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம். பேச்சு நடையை அப்படியே விட்டிருக்கிறோம்.)

போன எபிசோட்ல ஆபீஸ் ஸ்ட்ரெஸ் பத்திப் பேசினோம். அதுக்கு வந்த மெசேஜ் நிறைய ஒரே மாதிரி இருந்தது. "திடீர்னு நெஞ்சு படபடன்னு அடிக்குது, மூச்சு முட்டுது, கை விரல் மரத்துப் போகுது, இதோட முடிஞ்சோம்னு தோணுது. அரை மணி நேரத்துல ஒண்ணுமே நடக்காத மாதிரி சரியாயிடுது. மாத்திரை இல்லாம இயற்கையா இதைச் சரி பண்ண முடியுமா?" இன்னைக்கு முழுக்க அதைத்தான் பேசப் போறோம். நான் டாக்டர் இல்ல. காலேஜ் முடிச்ச வருஷம் எனக்கே இது மூணு தடவை வந்திருக்கு, அதுக்கப்புறம் இதைப் பத்தி நிறைய படிச்சிருக்கேன். அந்த அளவுக்குத்தான் என் பேச்சை எடுத்துக்கணும்.

முதல்ல ஒரு விஷயத்தை முடிச்சிடுவோம். இது உங்களுக்கு முதல் தடவைன்னா, பேனிக் அட்டாக்தான்னு நீங்களே முடிவு பண்ணாதீங்க. ஒரு ஈசிஜி, தைராய்டு, ஹீமோகுளோபின், சர்க்கரை, இவ்வளவு பார்க்கச் சொல்லி ஒரு பொது மருத்துவர்கிட்ட போங்க. தைராய்டு அதிகமா சுரந்தாலும் இதே படபடப்பு வரும், ரத்தசோகைலயும் வரும். நெஞ்சுல பாரம் வெச்சு அழுத்துற மாதிரி வலி, அது தோள், தாடைப் பக்கம் பரவுது, வேலை செய்யும்போது கூடுது, மயங்கி விழுந்துட்டீங்க, இதுல எது இருந்தாலும் பாட்காஸ்ட் கேட்டுக்கிட்டு உட்கார வேண்டாம், 108 கூப்பிடுங்க. நம்ம வீடுகள்ல இன்னொண்ணு நடக்கும். நெஞ்சைப் பிடிச்சாலே "கேஸ் ட்ரபிள்டா, ஒரு சோடா குடி"ம்பாங்க. சோடா குடிச்சு ஏப்பம் விடுறதுக்குள்ள அட்டாக் தானா அடங்கியிருக்கும், பெருமை சோடாவுக்குப் போயிடும். அடுத்த தடவை உண்மையிலேயே இதயப் பிரச்சனையா இருந்தாலும் சோடாதான் வரும். அதனால ஒரு தடவை ஒழுங்கா செக் பண்ணிடுங்க. "எல்லாம் நார்மல்"னு வந்துச்சுன்னா அந்த ரிப்போர்ட்டை நம்புங்க. மாசம் ஒரு ஈசிஜி எடுக்குறது வேற ஒரு பழக்கத்துல கொண்டு போய் விடும், அதைப் பின்னாடி சொல்றேன்.

சரி, அந்த நேரத்துல உடம்புக்குள்ள என்னதான் நடக்குது? இதை நிதானமா கேளுங்க. பாதி மருந்து இதுலதான் இருக்கு.

நம்ம உடம்புல ஒரு அபாய மணி இருக்கு. தெருவுல நாய் துரத்தினா அது அடிக்கணும். அடிச்சதும் அட்ரினலின் ரத்தத்துல கலக்கும். ஓடுறதுக்குக் காலுக்கு ரத்தம் வேணும், அதனால இதயம் வேகமா அடிக்கும். ஆக்சிஜன் வேணும், மூச்சு வேகமாகும். உடம்பு சூடாகாம இருக்க வேர்வை வரும். இப்போதைக்கு ஜீரணம் முக்கியம் இல்ல, வயித்தைப் பிசையும். நாய் நிஜமா துரத்தினா இது எதையும் நீங்க கவனிக்கவே மாட்டீங்க, ஓடிக்கிட்டு இருப்பீங்க. பேனிக் அட்டாக்ல நாய் இல்ல. மணி மட்டும் அடிக்குது. நீங்க சேர்ல உட்கார்ந்து எக்செல் ஷீட் பார்த்துட்டு இருக்கீங்க. ஓடாத உடம்புக்குள்ள ஓட்டத்துக்கான ஏற்பாடு முழுசா நடக்குது.

அதுல மூச்சு தனியா ஒரு வேலை பண்ணுது. ஓடாம, தேவைக்கு மேல வேகமா மூச்சு விடும்போது ரத்தத்துல கார்பன் டை ஆக்சைடு குறையும். அது குறைஞ்சா மூளைக்குப் போற ரத்தக் குழாய்கள் கொஞ்சம் சுருங்கும், தலை கிறுகிறுன்னு இருக்கும். ரத்தத்தோட அமிலத் தன்மை மாறும், அதனால விரல் நுனியிலயும் உதட்டைச் சுத்தியும் ஊசி குத்துற மாதிரி மரத்துப் போகும். "மூச்சே வரல"ன்னு தோணும்போது உண்மையில நீங்க அதிகமா மூச்சு விட்டுட்டு இருக்கீங்க. இது தெரிஞ்சப்போ நான் ஆடிப் போயிட்டேன். கூட இருக்கிறவங்க "நல்லா ஆழமா மூச்சை இழு, இன்னும் இழு"ன்னு சொல்றது ஏன் உதவாதுன்னு இப்போ புரியுதா? ஏற்கனவே நிரம்பி வழியிற குடத்துல இன்னும் தண்ணி ஊத்துற கதை.

இதுவரைக்கும் நடந்தது வெறும் படபடப்பு. இதை அட்டாக்கா மாத்துறது அடுத்த அடி. இதயம் வேகமா அடிக்குதுன்னு கவனிச்சதும் மனசு அதுக்கு ஒரு அர்த்தம் சொல்லும். "ஹார்ட் அட்டாக்." தலை சுத்தினா "மயங்கி விழப் போறேன்." எல்லாம் கனவு மாதிரி தெரிஞ்சா "பைத்தியம் பிடிக்கப் போகுது." அந்த அர்த்தமே ஒரு புது அபாயம். மணி இன்னும் வேகமா அடிக்கும், இதயம் இன்னும் வேகமா ஓடும், "பார்த்தியா, நான் சொன்னேன்ல"ன்னு மனசு சொல்லும். இப்படியே சுத்திச் சுத்தி ஏறும். 1986ல டேவிட் கிளார்க்னு ஒரு பிரிட்டிஷ் உளவியலாளர் இந்தச் சுழலைத்தான் பேனிக்குக்கான விளக்கமா எழுதினார். இன்னைக்கு வரைக்கும் சிகிச்சைல பெரும் பகுதி அது மேலதான் நிக்குது. நம்ம ஊர்ல இதை ஒரே வரில சொல்லி வெச்சிருக்காங்க: அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். பேனிக்ல என்ன வித்தியாசம்னா, இருட்டு வெளில இல்ல, நம்ம நெஞ்சுக்குள்ள. அதனால அதை விட்டுத் தப்பிச்சு ஓடவும் முடியாது.

ரெண்டு தகவல் மட்டும் மனப்பாடம் பண்ணிக்கோங்க. ஒண்ணு, அட்டாக் பெரும்பாலும் பத்து நிமிஷத்துக்குள்ள உச்சத்துக்குப் போயிடும், அப்புறம் இறங்க ஆரம்பிக்கும். அட்ரினலின் ரத்தத்துல ரொம்ப நேரம் தங்காது, சில நிமிஷத்துலயே உடைஞ்சிடும். ரெண்டு, பேனிக்ல ரத்த அழுத்தம் ஏறும். மயக்கம் வர்றது பெரும்பாலும் அழுத்தம் சட்டுன்னு இறங்கினாத்தான். அதனால "விழுந்துடுவேன்"னு எவ்வளவு தோணினாலும் பேனிக்ல மயங்கி விழுறது ரொம்ப அபூர்வம். ரத்தம், ஊசி பார்த்தா மயங்குறவங்க மட்டும் இதுக்கு விதிவிலக்கு, அவங்களுக்கு அழுத்தம் நிஜமாவே இறங்கும்.

இப்போ அந்தப் பத்து நிமிஷம். என்ன பண்ணலாம்?

மூச்சை இழுக்குறதுல வேலை இல்ல, விடுறதுலதான் இருக்கு. மூக்கால மெதுவா, வழக்கமா இழுக்குற அளவுக்கு இழுங்க, நாலு எண்ணுங்க. சூடான டீயை ஊதுற மாதிரி உதட்டைக் குவிச்சு ஆறு எண்ணுற வரைக்கும் விடுங்க. எண்ணிக்கை முன்ன பின்ன ஆனா பரவாயில்ல, விடுற நேரம் நீளமா இருந்தா போதும். மூச்சை வெளில விடும்போது இதயத் துடிப்பு இயல்பாவே கொஞ்சம் மெதுவாகும், அந்த ஓட்டத்தைத்தான் பயன்படுத்துறோம். சிலருக்கு இன்னொரு முறை ஒத்து வரும். மூக்கால ஒரு தடவை இழுத்து, விடாம மேல இன்னொரு சின்ன இழுப்பு, அப்புறம் வாயால நீளமா ஒரு பெருமூச்சு. ஸ்டான்ஃபோர்ட்ல 2023ல வெளிவந்த ஒரு ஆய்வுல இதைத் தினமும் அஞ்சு நிமிஷம் ஒரு மாசம் பண்ணினவங்களுக்கு மனநிலை நல்லா மேம்பட்டுச்சு, தியானம் பண்ணினவங்களை விடவும். பேனிக் வர்றவங்களை வெச்சுப் பண்ணின ஆய்வு இல்ல அது, அதையும் சொல்லிடுறேன். பேப்பர் பைக்குள்ள மூச்சு விடுறது சினிமாவுல வரும், அது வேண்டாம். ஆஸ்துமாவோ இதயப் பிரச்சனையோ இருந்து அது பேனிக்னு நினைச்சுட்டீங்கன்னா ஆக்சிஜன் குறைஞ்சு ஆபத்தாயிடும்.

மூச்சை விட முக்கியமானது ஒண்ணு இருக்கு. அட்டாக்கோட சண்டை போடாதீங்க. கிளேர் வீக்ஸ்னு ஒரு ஆஸ்திரேலிய டாக்டர், 1962லயே இதுக்குன்னு ஒரு புத்தகம் எழுதினவங்க. அவங்க சொன்னதோட சாரம் ரொம்ப எளிமை: எதிர்ல நில்லு, வந்ததை ஒத்துக்கோ, அதோட மிதந்து போ, நேரம் கடக்கட்டும். கடல்ல அலை வரும்போது எதிர்த்து முட்டினா உருட்டி விடும், உடம்பைத் தளர்த்திட்டா தூக்கி இறக்கி விட்டுட்டுப் போயிடும். பெசன்ட் நகர் பீச்சுல நின்னவங்களுக்குத் தெரியும். (சிரிப்பு. இதைக் கேட்டுட்டு யாரும் கடல்ல இறங்காதீங்க, அங்க ஆழம் ஜாஸ்தி.) நடைமுறைல இதுக்கு என்ன அர்த்தம்? "ஐயோ நிக்கணும் நிக்கணும்"னு கட்டளை போடாம, "சரி, அட்ரினலின் வந்திருக்கு, நெஞ்சு அடிக்குது, அடிக்கட்டும், இன்னும் ஏழு நிமிஷம்"னு உங்களுக்கே ரன்னிங் கமென்ட்ரி சொல்றது. தோளை இறக்குங்க, பல்லைக் கடிச்சிருந்தா விடுங்க. முடிஞ்ச வரைக்கும் இருக்குற இடத்துலயே இருங்க.

அந்தக் கடைசி வாக்கியத்துக்காகத்தான் இந்த எபிசோடே. ஏன்னு சொல்ல ஒரு நேயரோட கதை. அவங்க சம்மதத்தோட, அடையாளம் தெரியாத மாதிரி மாத்திச் சொல்றேன்.

இருபத்தி நாலு வயசு, ஆலந்தூர்ல வீடு, ஆயிரம் விளக்கு பக்கம் வேலை. தினமும் மெட்ரோ. ஒரு நாள் காலைல சின்னமலை தாண்டி ட்ரெயின் சுரங்கத்துக்குள்ள இறங்குது, ஜன்னல் வெளிச்சம் போய் இருட்டாகுது, கூட்டம், முந்தின நாள் ராத்திரி தூக்கமும் இல்ல. அட்டாக். சைதாப்பேட்டைல கதவு திறந்ததும் இறங்கி ஓடிட்டாங்க. மேல வந்து காத்துப் பட்டதும் ரெண்டு நிமிஷத்துல சரியாயிடுச்சு. மறுநாள்ல இருந்து பைக் டாக்சி. அடுத்த மாசம் ஆபீஸ் லிஃப்ட்லயும் அதே பயம், ஆறு மாடி படி ஏறுறாங்க. ஃப்ரெண்டு கல்யாணத்துக்கு கோயம்புத்தூர் போகணும், ட்ரெயின்ல இருந்து நினைச்ச இடத்துல இறங்க முடியாதேன்னு போகல. சம்பளத்துல பெரிய துண்டு பைக் டாக்சிக்கே போகுது. கடைசியா மேனேஜர் பெங்களூருக்கு மூணு மாசம் போகச் சொன்னப்போ, வேலையையே விட்டுடலாமான்னு எனக்கு மெசேஜ் போட்டாங்க.

கவனிச்சீங்களா, அட்டாக் வந்தது ஒரே ஒரு தடவை. மிச்சம் எல்லாத்தையும் பண்ணினது அட்டாக்கைப் பத்தின பயம். சைதாப்பேட்டைல இறங்கினதும் சரியானப்போ அவங்க மூளை ஒரு பாடம் படிச்சிடுச்சு: "ட்ரெயின் ஆபத்து, இறங்கினதால பொழைச்சேன்." இறங்காம இருந்தாலும் தேனாம்பேட்டை வர்றதுக்குள்ள அது தானா அடங்க ஆரம்பிச்சிருக்கும்ங்கிற பாடத்தைப் படிக்க வாய்ப்பே கிடைக்கல. ஒவ்வொரு தடவை தவிர்க்கும்போதும் அந்தத் தப்பான பாடம் இன்னும் கெட்டியாகும். உலகம் சுருங்கிக்கிட்டே வரும்.

இதுக்கு வழி, வந்த பாதையிலயே திரும்பிப் போறது. ஆனா ஏணி மாதிரி, படிப்படியா. அவங்க ஒரு உளவியலாளர்கிட்ட போனாங்க, அவங்க போட்டுக் கொடுத்த ஏணி இது. முதல் வாரம் ஆலந்தூர்ல இருந்து சின்னமலை வரைக்கும் மட்டும், அது முழுக்க மேம்பாலம், வெளிச்சம் இருக்கும். அடுத்தது ஞாயித்துக்கிழமை கூட்டம் இல்லாத நேரத்துல, கூட ஒரு ஃப்ரெண்டோட, சின்னமலைல இருந்து சைதாப்பேட்டை, ஒரே ஒரு சுரங்க ஸ்டேஷன். 10 ரூபா டிக்கெட். போயிட்டு திரும்பி, மறுபடி போயிட்டு திரும்பி. பயம் வராம இருக்குறது நோக்கம் இல்ல. பயம் வரணும், வந்து, ட்ரெயினுக்குள்ள இருக்கும்போதே இறங்கணும். அப்புறம் அதே தூரம் தனியா. அப்புறம் நந்தனம், தேனாம்பேட்டை. அப்புறம் காலைல எட்டரை மணிக் கூட்டத்துல.

நடுவுல ஒரு சிக்கல் வந்தது, இது நிறைய பேருக்கு வரும். அவங்க பைல எப்பவும் ஒரு தண்ணி பாட்டில், பர்ஸ்ல ஒரு மாத்திரை, போன்ல அம்மா நம்பர் திறந்தபடி, கதவுக்குப் பக்கத்துல மட்டும்தான் நிப்பாங்க. நல்லபடியா போயிட்டு வந்தா, "பாட்டில் இருந்ததால பொழைச்சேன்"னு மூளை கணக்கு எழுதிக்கும். தாயத்து மாதிரி. நான் முன்னாடி சொன்ன மாசம் ஒரு ஈசிஜியும் இதே தாயத்துதான். அதனால ஏணியோட மேல் படிகள்ல ஒவ்வொண்ணா வீட்டுல வெச்சுட்டுப் போகணும். "கண்ணுக்குத் தெரியிற அஞ்சு பொருள், காதுல விழுற மூணு சத்தம்"னு எண்ணுற முறை இன்ஸ்டால நிறைய பார்த்திருப்பீங்க. நல்லதுதான், ஆரம்பத்துல கைப்பிடியா உதவும். ஆனா அதைப் பண்ணலைன்னா செத்துடுவேன்னு ஆகிட்டா அதுவும் தாயத்துதான். இது என் கருத்து, சிலர் ஒத்துக்க மாட்டாங்க.

இதே தத்துவத்தை வீட்டுக்குள்ளயும் பண்ணலாம். டேவிட் பார்லோ, மிஷெல் கிராஸ்க்னு ரெண்டு ஆய்வாளர்கள் வளர்த்தெடுத்த முறை. பயப்படுற உணர்வை வேணும்னே வரவழைக்கிறது. படபடப்புக்குப் பயமா, மாடிப்படியில ஒரு நிமிஷம் ஏறி இறங்குங்க. தலைசுத்தலுக்குப் பயமா, சுழல் நாற்காலியில சுத்துங்க. மூச்சு முட்டலுக்குப் பயமா, ஜூஸ் ஸ்ட்ரா வழியா ஒரு நிமிஷம் மூச்சு விடுங்க. அப்புறம் அந்த உணர்வு தானா அடங்குறதை உட்கார்ந்து பாருங்க. நெஞ்சு வேகமா அடிச்சும் ஒண்ணும் ஆகலைன்னு உடம்பே கத்துக்கும். ஆஸ்துமா, இதயப் பிரச்சனை, வலிப்பு, கர்ப்பம் இருக்கிறவங்க டாக்டரைக் கேட்காம இதைப் பண்ணாதீங்க. தினமும் வேர்க்க வேர்க்க நடக்குறது, ஓடுறது, ஷட்டில் ஆடுறது எல்லாம் பேனிக்குக்கு நல்லதுன்னு சொல்றதுக்கு இதுவும் ஒரு காரணம்.

வராம தடுக்குறது பத்தி வேகமா. காபி. 2022ல வந்த ஒரு தொகுப்பு ஆய்வுல, பேனிக் டிஸ்ஆர்டர் இருக்கிறவங்களுக்குச் சுமார் 480 மில்லிகிராம் காஃபின், அதாவது கிட்டத்தட்ட அஞ்சு கப் காபி அளவு கொடுத்தப்போ, ஏறத்தாழ பாதிப் பேருக்கு அட்டாக் வந்திருக்கு. பேனிக் இல்லாதவங்களுக்கு ரொம்ப அபூர்வமாத்தான் வந்தது. டிகிரி காபியை விடச் சொன்னா நம்ம ஊர்ல என்னை அடிப்பீங்க. அளவைக் குறைங்க, மதியத்துக்கு மேல வேண்டாம், எனர்ஜி டிரிங்க்கை மட்டும் சுத்தமா விட்டுடுங்க. வெறும் வயித்துல காபி குடிச்சு, காலை சாப்பாட்டையும் தள்ளிப் போட்டா கை நடுங்கும், அந்த நடுக்கத்தைப் பார்த்து மனசு கதை கட்டும். தூக்கம் குறைஞ்ச மறுநாள் அபாய மணி லேசாத் தொட்டாலே அடிக்கும். சனிக்கிழமை ராத்திரி குடிச்சா பதட்டம் குறையிற மாதிரி இருக்கும், ஞாயிறு காலைல வட்டியோட திரும்ப வரும். தூக்கத்துலயே அட்டாக் வந்து எழுந்து உட்கார்றவங்களும் உண்டு. கெட்ட கனவு இல்லாமலே அது வரும், அதுவும் இதே பேனிக்தான், தனி வியாதி இல்ல.

"இயற்கையா"ங்கிற வார்த்தைக்கு வர்றேன். அஸ்வகந்தா பத்தி நிறைய பேர் கேட்டிருக்கீங்க. ஸ்ட்ரெஸ் குறையுதுன்னு சில சின்ன ஆய்வுகள் இருக்கு, நிஜம். கல்லீரல் பாதிச்ச கேஸ்களும் பதிவாகியிருக்கு. தைராய்டு மாத்திரை சாப்பிடுறவங்க, கர்ப்பமா இருக்கிறவங்க தொட வேண்டாம். செடில இருந்து வந்தா ஆபத்து இல்லைன்னு அர்த்தம் கிடையாது. ஊமத்தையும் செடிதான். இன்னொரு பக்கம், ஃப்ரெண்டு கொடுத்தான்னு அல்ப்ராசோலம் போடுறவங்க இருக்கீங்க. அது சட்டுன்னு அடக்கும், அதனாலதான் பழக்கமாகும். ரொம்ப நாள் சாப்பிட்டு இருந்தீங்கன்னா இதைக் கேட்டுட்டு இன்னைக்கே நிறுத்தாதீங்க, திடீர்னு நிறுத்துறது ஆபத்து. எழுதிக் கொடுத்த டாக்டரோ வேற மனநல மருத்துவரோ படிப்படியா குறைப்பாங்க. வாரம் ரெண்டு மூணு தடவை அட்டாக் வருது, வெளில போறதே நின்னு போச்சு, வாழ்றதே வேண்டாம்னு தோணுதுன்னா, மூச்சுப் பயிற்சி மட்டும் போதாது. சிபிடிங்கிற பேச்சு சிகிச்சைக்கு இதுல நல்ல ஆதாரம் இருக்கு, பழக்கமாகாத மாத்திரைகளும் இருக்கு. கண்ணுக்குக் கண்ணாடி போடுற மாதிரிதான், அதுல இயற்கைக்கு என்ன குறை?

கூட இருக்கிறவங்களுக்குக் கடைசியா ரெண்டு வார்த்தை. "ஒண்ணும் இல்ல, சும்மா இரு"ன்னு சொல்லாதீங்க, அவங்களுக்கு அது ஒண்ணும் இல்லாத விஷயம் இல்ல. சுத்தி நின்னு விசிறாதீங்க. பக்கத்துல உட்காருங்க, "நான் இங்கதான் இருக்கேன், இது கொஞ்ச நேரத்துல அடங்கிடும்"னு சொல்லிட்டு, நீங்களே மெதுவா, நீளமா மூச்சு விடுங்க, அவங்க தானா சேர்ந்துப்பாங்க. தொடுறதுக்கு முன்னாடி கேளுங்க. அடங்கின பிறகு, கிளம்புறதுக்கு முன்னாடி இன்னும் பத்து நிமிஷம் அங்கேயே உட்கார்ந்துட்டுப் போகலாமான்னு கேட்டுப் பாருங்க.

பேச ஆள் வேணும்னா டெலி மானஸ், 14416. மத்திய அரசு 2022 அக்டோபர்ல ஆரம்பிச்சது, இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழ்லயே பேசலாம். நம்ம நேயர் இப்போ தனியா நந்தனம் வரைக்கும் போயிட்டு வர்றாங்க, பெங்களூர் போறதை மேனேஜர் ஒரு மாசம் தள்ளி வெச்சிருக்கார். அடுத்த வாரம் தூக்கம் பத்தி, ராத்திரி ரெண்டு மணிக்கு ரீல்ஸ் பார்க்குறவங்க எல்லாம் வந்துடுங்க.